பாதிக் கிழங்கு

கிழங்கில் பாதியைக் காணவில்லை.

லிசாந்திரா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். போன செப்டம்பரில் நட்டபோது எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டையாக இருந்தது. இப்போது ஒரு பக்கம் மட்டும்தான் இருந்தது. மறுபக்கத்தை யாரோ கடித்திருந்தார்கள்.

பக்கத்தில் ஒரு கல்லின் மேல் அவளுடைய தம்பி ஓர்சு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மூன்று வயது. வாயைச் சுற்றி மண். முகவாயிலும் மண். மடியில் இளஞ்சிவப்பு இதழ்கள் சிதறிக் கிடந்தன.

"ஓர்சு! இதத் தின்னியா?"

ஓர்சு சிரித்தான். "தின்னேன்."

"எவ்வளவு தின்ன?"

"எல்லாம்."

லிசாந்திராவின் கை சில்லிட்டுப் போனது.

அம்மா கீழூருக்குப் போயிருந்தாள். அங்கே சித்திக்குக் குழந்தை பிறந்திருந்தது. "அஞ்சு மணிக்குள்ள வந்துடுவேன். தம்பி மேல இருந்து கண்ண எடுக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அப்பா ரொட்டி வண்டியோடு மலை முழுவதும் சுற்றிவிட்டு ஏழு மணிக்குத்தான் வருவார்.

லிசாந்திரா ஒரு மணி நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு படக்கதைப் புத்தகத்தை எடுக்க உள்ளே போனாள். நின்றபடியே ஒரு பக்கம் படித்தாள். அப்புறம் இன்னொரு பக்கம். திரும்பி வந்து பின்கதவைத் திறந்தபோது இப்படி.

அப்பா ஒருமுறை இந்தப் பூவைப் பார்த்துவிட்டுச் சொன்னது அவள் நினைவுக்கு வந்தது. "இந்தச் சைக்ளமென் கிழங்க நசுக்கி ஓடையில போட்டா மீனெல்லாம் மயங்கி மிதக்கும். அந்தக் காலத்துல அப்படித்தான் மீன் புடிச்சாங்க. இப்ப நான் மீனப் புடிச்சா போலீஸ் என்னப் புடிக்கும்."

அன்று அவள் சிரித்தாள். இப்போது வயிறு வெளுத்த மீன்கள் தண்ணீரில் வரிசையாக மிதப்பது மட்டும் கண்முன் வந்தது.

ஓர்சுவைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். விரலை விட்டு வாயைக் கழுவினாள். மண் வந்தது. கிழங்கு வரவில்லை. விழுங்கிவிட்டானா?

வீட்டுத் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தாள். சத்தமே இல்லை. போன வாரம் இடி விழுந்ததிலிருந்து அது அப்படித்தான். மேலூரில் மூன்றே வீடுகள். பாவுலு மாமா வீட்டில் தொலைபேசியே கிடையாது. மூன்றாவது வீட்டில் உண்டு. சாலை வேலைக்காகத் தனியாகக் கம்பி இழுத்துக் கொடுத்திருந்தார்கள்.

மூன்றாவது வீடு சவேரியா அத்தையுடையது.

சவேரியாவைப் பார்த்தால் கீழூரில் இருக்கிறவர்களுக்கே கொஞ்சம் நடுங்கும். சாலையைச் சமன் செய்யும் மஞ்சள் இயந்திரத்தை ஓட்டுகிறவர் அவர்தான். பனிக்காலத்தில் பனியை ஒதுக்குகிறவரும் அவர்தான். காட்டுப்பன்றி வேட்டைக்குத் தனியாகப் போவார். அவர் வீட்டு வாசல் கதவில் ஒரு பலகை தொங்கும்: 'கல்லைத் தொடாதே. பூவைத் தொடாதே. கதவையும் தொடாதே.'

லிசாந்திராவின் பயத்துக்கு அது மட்டும் காரணம் அல்ல. இந்தக் கிழங்கே சவேரியாவுடையதுதான்.

சவேரியா தன் வீட்டின் வடக்குப் பக்கச் சரிவில், வெயிலே எட்டாத இடத்தில், பெரிய பெரிய கற்களைப் போட்டு ஒரு பாறைத் தோட்டம் வைத்திருந்தார். கற்களின் இடுக்குகளில் எல்லாம் சைக்ளமென். ஏப்ரல் வந்தால் அந்த நிழல் முழுவதும் இளஞ்சிவப்பாகிவிடும். ஒவ்வொரு பூவும் முயல் காதைப் பின்னால் மடக்கியது போல நிற்கும். வழியில் போகும்போதே வாசனை வரும்.

லிசாந்திராவுக்கும் அதுபோல ஒன்று வேண்டும் என்று ஆசை. தன் வீட்டுப் பின்சுவரின் நிழலில் தானே கல் சுமந்து அடுக்கினாள். இடுக்குகளில் மக்கிய செஸ்ட்நட் மரத்து இலையையும் மணலையும் நிரப்பினாள். எல்லாம் தயார். கிழங்கு மட்டும் இல்லை. சவேரியாவிடம் போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை. செப்டம்பரில் ஒருநாள், சவேரியா வேலைக்குப் போயிருந்தபோது, வேலி இடுக்கு வழியாக நுழைந்து ஸ்பூனால் இரண்டு கிழங்குகளைத் தோண்டி எடுத்துவிட்டாள். வீட்டில் கேட்டதற்கு, "காட்டுல கிடைச்சுது" என்றாள்.

மறுநாள் சவேரியா போட்ட சத்தம் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்டது. ஆனால் அவர் சத்தம் போட்டது பாவுலு மாமாவிடம்.

"உன் பன்னிதான் வந்து தோண்டியிருக்கு! இனிமே அத வெளிய பார்த்தேன், துப்பாக்கிய எடுத்துருவேன்!"

கோர்சிகாத் தீவில் பன்றிகள் இஷ்டம்போலத் திரியும். ஆனால் அன்றிலிருந்து பாவுலு மாமாவின் பன்றி ரெஜீனா மட்டும் பட்டிக்குள் அடைபட்டுக் கிடந்தாள். பாவுலு மாமாவும் சவேரியாவும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் லிசாந்திராவுக்குத் தெரியும். ஏழு மாதமாக அவள் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அங்கேதான் போக வேண்டும்.

ஓர்சுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள். அவன் கனத்தான். நாலடிக்கு ஒருதரம் அவன் முகத்தைப் பார்த்தாள். வெளுத்துவிட்டதா? கண் சொருகுகிறதா?

"லீசா, குதிர மாதிரி ஓடு" என்றான் ஓர்சு.

சவேரியாவின் வாசலில் பலகை தொங்கியது. இரண்டு கையிலும் ஓர்சு இருந்ததால் லிசாந்திரா தோளால் கதவைத் தள்ளினாள். இரண்டு வேட்டை நாய்களும் சங்கிலி அறுந்துவிடுவது போலப் பாய்ந்து குரைத்தன.

மஞ்சள் இயந்திரத்தின் அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"யாரு அது?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"நான்தான் அத்தை... லிசாந்திரா."

"போர்டு படிச்சியா?"

"படிச்சேன். அத்தை, தம்பி கிழங்கத் தின்னுட்டான்."

பூட்ஸ் அசையாமல் நின்றது. "என்ன கிழங்கு?"

"சைக்ளமென்."

சரசரவென்று முழு ஆளும் வெளியே வந்தார். கை முழுவதும் எண்ணெய்க் கறை. "எப்போ?"

"கால் மணி நேரம் இருக்கும்."

சவேரியா வேறொன்றும் கேட்கவில்லை. ஓர்சுவைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். லிசாந்திரா பின்னால் ஓடினாள். பள்ளத்தாக்கு டாக்டரின் எண்ணை அவர் பார்க்காமலேயே அழுத்தினார். டாக்டர் லுச்சானியின் குரல் அறை முழுவதும் கேட்டது.

"எச்சில் ஒழுகுதா? வாய் எரியுதுன்னு அழறானா?"

"இல்ல டாக்டர். சிரிச்சுக்கிட்டு இருக்கான்."

"சரி. வாந்தி எடுக்க வைக்காதீங்க. ரெண்டு வாய் தண்ணி குடுங்க. அந்தக் கிழங்குல ஏதாவது மருந்து போட்டிருந்துச்சா?"

"காட்டுக் கிழங்குல யாரு டாக்டர் மருந்து போடப் போறா?" என்றார் சவேரியா. பிறகு லிசாந்திராவின் பக்கம் திரும்பினார். "ஏய் பொண்ணு, காட்டுல எடுத்ததுதானே?"

'ஆமா.' அந்த ஒரு சொல் போதும். அதை அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். நாக்கின் நுனியில் தயாராக இருந்தது.

ஆனால் மருந்து போட்டிருந்தால்? டாக்டருக்குத் தெரியாமலே போய்விட்டால்?

"இல்ல" என்றாள் லிசாந்திரா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னாள். "இல்ல அத்தை. உங்க தோட்டத்துல எடுத்தேன். செப்டம்பர்ல. ரெண்டு கிழங்கு. ரெஜீனா எடுக்கல. நான்தான் ஸ்பூன் வச்சுத் தோண்டுனேன்."

சவேரியா அவளைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்து லிசாந்திரா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

சவேரியா மெதுவான குரலில் தொலைபேசியில் சொன்னார். "டாக்டர், அது என் கிழங்காம். நான் மருந்து போட்டிருந்தேன். போன ஆகஸ்ட்ல. அழுகாம இருக்கறதுக்கு."

டாக்டரின் குரல் மாறியது.

"டப்பா இருக்கா?"

"இருக்கு."

"டப்பாவையும் மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கிட்டு உடனே கிளம்புங்க. நான் பாலத்துக்கிட்ட வந்து நிக்கிறேன். நல்லவேளை சொன்னீங்க."

மிச்சக் கிழங்கு! லிசாந்திரா அதைப் பின்கட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தாள்.

சவேரியாவின் பழைய வண்டி மேட்டிலிருந்து குலுங்கிக் குலுங்கி இறங்கியது. ஓர்சு லிசாந்திராவின் மடியில் இருந்தான். அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருக்கிறதா, இல்லை தன் கைதான் குளிர்ந்திருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அத்தை, நான் வந்து..."

"இப்ப பேசாத. அவனப் பாரு."

வீட்டு முன்னால் வண்டி நின்றதும் லிசாந்திரா குதித்து இறங்கிப் பின்பக்கம் ஓடினாள். கிழங்கு அதே இடத்தில் கிடந்தது. எடுத்துக்கொண்டு திரும்பியவள் சட்டென்று நின்றாள்.

கடித்த இடத்தில் மூன்று பள்ளங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் அவள் கட்டைவிரல் அகலம்.

ஓர்சுவைத் தூக்கிக்கொண்டு சவேரியாவும் பின்னாலேயே வந்துவிட்டார். "என்ன நின்னுட்ட? வா!"

"அத்தை, இதப் பாருங்க. இவன் பல்லு அரிசி மாதிரி இருக்கு. இது அப்படி இல்லியே."

சவேரியா கிழங்கை வாங்கிப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். "ஆனா தின்னேன்னு அவனே சொன்னானே?"

அதுவும் சரிதான். எல்லாம் தின்றேன் என்று அவனே சொன்னான். நல்லபடியாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் தனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ? லிசாந்திரா தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஓர்சு, கிழங்கு தின்னியா?"

"தின்னேன்."

"சரி. இந்த அத்தையோட வண்டியத் தின்னியா?"

"தின்னேன்."

"மாதா கோயிலு?"

ஓர்சு கொஞ்சம் யோசித்தான். "தின்னேன். மணியும் தின்னேன்."

சவேரியாவின் உதட்டோரம் என்னவோ துடித்தது. லிசாந்திரா அதைக் கவனிக்கவில்லை. அவள் சமையலறைக்கு ஓடி, ஒரு துண்டு கெட்டிப் பாலாடைக்கட்டியைக் கொண்டுவந்து தம்பியின் வாயருகே நீட்டினாள்.

"கடி. நல்லாக் கடி."

கடித்தான். பாலாடைக்கட்டியில் குட்டியாக ஒரு பிறை விழுந்தது. அதைக் கிழங்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்று எலி கடித்தது போல. மற்றது மண்வெட்டியால் வெட்டியது போல.

அப்போது விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஹ்ரும்."

விறகுகள் சரிந்தன. கறுப்பும் சாம்பலுமாக ஒரு பெரிய தலை வெளியே வந்தது. அதன் வாயோரத்தில் ஒரு இளஞ்சிவப்புப் பூ தொங்கியது.

ஓர்சு கைதட்டினான். "ரெஜீனா! ரெஜீனா கிழங்கு தின்னா!"

"டேய்!" லிசாந்திரா கத்தினாள். "இத ஏன்டா மொதல்லயே சொல்லல?"

"நீ கேக்கல" என்றான் ஓர்சு.

பட்டியை உடைத்துக்கொண்டு வந்த ரெஜீனா பாதியைக் கடித்துக்கொண்டிருந்தபோது லிசாந்திரா பின்கதவைத் திறந்திருக்கிறாள். அந்தச் சத்தத்தில் மிரண்டு ரெஜீனா விறகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள்.

"இதுக்குப் பன்னி ரொட்டின்னே ஒரு பேரு உண்டு" என்றார் சவேரியா. "அதுங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. மனுஷனுக்குத்தான் ஆகாது."

லிசாந்திராவுக்குச் சிரிப்பு வரும் என்று தோன்றியது. ஆனால் அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே சொன்னாள், "அத்தை, இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டிடலாம். அது தின்னதுல கொஞ்சம் இவனும் தின்னுருந்தா?"

சவேரியா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டியில ஏறு" என்றார்.

பாலத்தருகே டாக்டர் லுச்சானி காத்திருந்தார். ஓர்சுவின் வாயை விளக்கு அடித்துப் பார்த்தார். நாடி பார்த்தார். வயிற்றை அமுக்கினார். டப்பாவில் இருந்த எழுத்துகளைப் படித்தார். அப்படியும் விடவில்லை. ஒரு மணி நேரம் எல்லோரையும் அங்கேயே உட்கார வைத்தார். ஆற்றில் மீன் துள்ளும் ஒவ்வொரு முறையும் லிசாந்திராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓர்சு மட்டும் டாக்டரின் பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டிருந்தான்.

"இவன் தின்னது மண்ணுதான்" என்றார் டாக்டர் கடைசியில். "இன்னிக்கு ராத்திரி வரைக்கும் கவனமாப் பாத்துக்கங்க. மண்ணு கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா பிழைச்சுக்குவான்."

அதற்குப் பிறகுதான் லிசாந்திராவால் ஒழுங்காக மூச்சு விட முடிந்தது.

ஆனால் திரும்பும்போது வேறொரு பயம் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அது அவள் நினைத்ததைவிட முன்னாலேயே எதிரே வந்தது. பாவுலு மாமா வழியில் நின்றுகொண்டிருந்தார். தொப்பி கையில் இருந்தது. முகம் வெளிறியிருந்தது.

"சவேரியா, சுட்டுறாத" என்றார். ஏழு மாதத்தில் சவேரியாவிடம் அவர் பேசிய முதல் பேச்சு. "அது கதவ உடைச்சுக்கிட்டு ஓடிருச்சு. நான் வேணும்னு விடல."

சவேரியா வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். லிசாந்திராவைத் தள்ளிவிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

லிசாந்திரா கதவைத் திறந்து இறங்கினாள்.

"மாமா, போன செப்டம்பர்ல கிழங்கு எடுத்தது ரெஜீனா இல்ல. நான்தான் எடுத்தேன். பயத்துல சொல்லாம இருந்துட்டேன்."

பாவுலு மாமா தொப்பியைப் போட்டார். மறுபடி கழற்றினார்.

"ஏழு மாசம்!" என்றார். "என் ரெஜீனா ஏழு மாசம் ஜெயில்ல இருந்தா! செஸ்ட்நட் கொட்டை உதிர்ற காலம் பூரா உள்ள இருந்தா! வெளிய மத்த பன்னியெல்லாம் திங்கிற சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருந்தா!"

லிசாந்திரா தலையைக் குனிந்துகொண்டாள்.

சவேரியாவும் இறங்கி வந்தார். தொண்டையைச் செருமினார். "பாவுலு, நானும் கண்ணால பாக்காமத்தான் கத்திட்டேன். உன் பன்னி மேல தப்பு இல்ல."

"அத என்கிட்ட ஏன் சொல்ற? அவகிட்ட சொல்லு."

ரெஜீனா சாலையோரத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். சாலை இயந்திரம் ஓட்டுகிற, காட்டுப்பன்றி வேட்டையாடுகிற சவேரியா, ஒரு பன்றியின் முன்னால் நின்று, "தப்பு என்மேலதான்" என்றார்.

ரெஜீனா ஏற்றுக்கொண்டாளா என்று தெரியவில்லை. ஆனால் பாவுலு மாமா ஏற்றுக்கொண்டார்.

அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா முதலில் ஓர்சுவைக் கட்டிப்பிடித்தாள். பிறகு லிசாந்திராவைக் கட்டிப்பிடித்தாள். அப்புறம் ஒரு மாதத்துக்குப் படக்கதைப் புத்தகம் கிடையாது என்றாள். அந்த மாதம் முழுவதும் ரெஜீனாவுக்குத் தினமும் காய்கறித் தோல் கொண்டுபோய்ப் போடுவது என்று லிசாந்திராவே முடிவு செய்துகொண்டாள்.

மறுநாள் காலையில் சவேரியா வந்தார். லிசாந்திராவின் கல் அடுக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்து, மீதம் இருந்த இன்னொரு செடியைப் பார்த்தார். ஒரு குச்சியால் மண்ணை லேசாக விலக்கினார்.

"தலைகீழா நட்டிருக்க!"

"அய்யோ, அப்படியா? தோண்டித் திருப்பிக் குடுத்துடட்டுமா அத்தை?"

"இப்பத் தோண்டினா செத்துடும். ஜூன்ல இலையெல்லாம் காயும். அப்ப எடுத்துக்கிட்டு வா. நானும் விதை தரேன். பூ உதிர்ந்ததும் காம்பு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு காயத் தரைக்கு இழுத்துக்கும். காய் வெடிச்ச அன்னிக்கே வந்துடணும். இல்லன்னா எறும்பு எடுத்துட்டுப் போயிடும். அதுங்களும் என்னக் கேக்கறதில்ல."

"விதை போட்டா எப்ப பூக்கும்?"

"நாலு வருஷம் ஆகும்."

லிசாந்திரா மனதுக்குள் கணக்குப் போட்டாள். "எனக்குப் பதினாலு வயசு ஆயிடுமே!"

"எப்படியும் ஆகத்தானே போகுது?" என்றார் சவேரியா.

ஜூனில் கிழங்கு திரும்பிப் போனது. இருபத்திரண்டு விதைகள் வந்தன. லிசாந்திரா அவற்றை ஒரு இரவு ஊறவைத்து, கல் இடுக்குகளில் ஒவ்வொன்றாக விதைத்து, மேலே மக்கிய இலையைத் தூவினாள். ஜூலை போனது. ஆகஸ்ட் போனது. செஸ்ட்நட் உதிர்ந்தது. ஒன்றுமே முளைக்கவில்லை. ஒருவேளை எல்லாம் அழுகிவிட்டதோ என்று அவளுக்குக் கவலை வந்தது. ஆனாலும் தோண்டிப் பார்க்கவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு மழைநாள் காலை. மூன்றாவது கல்லுக்கும் நாலாவது கல்லுக்கும் நடுவில் என்னவோ பச்சையாகத் தெரிந்தது. லிசாந்திரா குனிந்து பார்த்தாள். ஒரே ஒரு இலை. பருப்பு அளவுதான் இருந்தது.

அவள் மேட்டில் ஓடினாள். "அத்தை! வந்துருச்சு! ஒண்ணு வந்துருச்சு!"

சவேரியா இயந்திரத்தின் மேலிருந்து குதித்தார். மழைக்கோட்டுகூடப் போட்டுக்கொள்ளாமல் அவளுக்கு முன்னால் ஓடி வந்தார். இருவரும் ஈரத்தரையில் குப்புறப் படுத்து, மூக்கு தரையில் படும் அளவுக்குக் குனிந்து, அந்த இலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.